ஜெர்மனில முதல் தடவை மோட்டார்ஹோம் எடுக்கறவங்க, கூரையைப் பாக்காம கையெழுத்து போட்டுடாதீங்க

ஃபிங்ஸ்டன் (பெந்தெகொஸ்தே) லீவுக்கு மோட்டார்ஹோம், அதாவது பெட், அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி, வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம், ரூட் சொல்லுங்கன்னு இதுவரைக்கும் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. ரூட் தாராளமா சொல்றேன், அதுக்கு முன்னாடி போன வருஷம் எங்களுக்கு நடந்தத ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க. 1500 யூரோ டெபாசிட் கட்டினோம், அதுல 834 யூரோவ பிடிச்சுக்கிட்டாங்க, அதுலயும் 714 யூரோ நாங்க பண்ணவே பண்ணாத ஒரு சேதத்துக்கு. கணக்கு இன்னும் முழுசா தீரல, அதனால கம்பெனி பேரு போடல, கேக்காதீங்க.

நாங்க நாலு பேரு, பொண்ணுக்கு 8, பையனுக்கு 5. ஸ்டுட்கார்ட் பக்கத்துல இருந்து கிளம்பி ரோத்தன்புர்க், டிங்கல்ஸ்ப்யூல், நோர்ட்லிங்கன், ஃப்யூஸன், அப்படியே போடன்ஸீ ஏரி ஓரமா லிண்டாவ், மீர்ஸ்புர்க் பாத்துட்டு வீடு திரும்பறதா பிளான், 9 நைட். வண்டி ஆல்கோவன் டைப், அதாவது டிரைவர் தலைக்கு மேல ஒரு பெட் முன்னாடி துருத்திட்டு இருக்குமே அது, 3.5 டன்னுக்குள்ள இருந்ததால வீட்டுக்காரரோட சாதா கார் லைசென்ஸே போதும். நாள் வாடகை 140 யூரோ, அது போக சர்வீஸ் சார்ஜ்னு 159, கேஸ் சிலிண்டர், டாய்லெட் கெமிக்கல், கரண்ட் கேபிள் எல்லாம் அதுல வந்துடும். ஆன்லைன்ல புக் பண்ணா 14 நாளைக்குள்ள கேன்சல் பண்ணிக்கலாம்னு நெனச்சுட்டு யாரும் அவசரப்பட்டு பணம் கட்டாதீங்க, தேதி குறிச்சு எடுக்கற வண்டி வாடகைக்கு அந்த ரூல் கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு வரச் சொன்னாங்க, போனா எங்களுக்கு முன்னாடி அஞ்சு குடும்பம் நிக்குது, ஆபீஸ் 5 மணிக்கு மூடிடுவாங்க. எங்க முறை வரும்போது மணி நாலே முக்கால். கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து தண்ணி இங்க ஊத்தணும், அழுக்குத் தண்ணிக்கு இந்த லீவர், டாய்லெட் டப்பா இந்தக் கதவுக்குள்ள, கேஸ் வால்வ் இது, ஹீட்டர் இதுன்னு மூச்சு விடாம சொல்லிட்டே போறாரு, நான் ஒரு பக்கம் போன்ல வீடியோ எடுக்கறேன், பையன் பசிக்குதுங்கறான், பொண்ணு ஏற்கனவே உள்ள ஏறி பெட்ல உக்காந்தாச்சு. பதினஞ்சு நிமிஷம்தான். அப்புறம் ஒரு பேப்பர நீட்டி கையெழுத்து போடச் சொன்னாரு.

அந்த பேப்பர்தான் மேட்டரே. ஊபர்காபே ப்ரோட்டோகால்னு பேரு, வண்டிய நம்ம கைல ஒப்படைக்கறப்போ அது என்ன நிலைமைல இருந்துச்சுன்னு எழுதற ஃபார்ம். அதுல வண்டியோட படம் போட்டிருக்கும், முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது, எங்க கீறல் இருக்கோ அங்க பேனாவால ஒரு பெருக்கல் குறி போடுவாங்க. பின் பம்பர்ல ரெண்டு, கதவுப் பக்கம் ஒண்ணு, எல்லாம் ஒழுங்கா போட்டாரு, நாங்களும் கூடவே நடந்து பாத்தோம். ஆனா அந்த ஃபார்ம்ல கூரைக்கு படமே கிடையாது. 3 மீட்டர் உயரத்துல இருக்கற கூரைய கீழ நின்னு பாக்கவும் முடியாது, ஏணி ஏதும் அங்க இல்ல, கேக்கணும்னு எங்களுக்கும் தோணல. பேப்பரோட அடியில சின்ன எழுத்துல, மேல குறிச்சத தவிர வேற எந்த சேதமும் இல்லாம வண்டிய வாங்கிக்கிட்டேன்னு இருந்துச்சு. வீட்டுக்காரர் கையெழுத்து போட்டாரு.

முதல் நாள் நல்லா போச்சு. (சமையல் விஷயம் ஒண்ணு இங்கயே சொல்லிடறேன், பிளக் பாயிண்ட்ல வெளிக் கரண்ட் குத்தினாதான் ரைஸ் குக்கர் வேலை செய்யும், சில இடத்துல 6 ஆம்பியர்தான் கொடுப்பாங்க, கெட்டிலும் குக்கரும் சேர்த்துப் போட்டா ட்ரிப் ஆயிடும், கேஸ் அடுப்புல வைக்கற சின்ன பிரஷர் குக்கர் எடுத்துட்டுப் போங்க, அதுதான் எங்களுக்கு கை கொடுத்துச்சு.)

ரெண்டாவது நைட் டிங்கல்ஸ்ப்யூல்ல, கோட்டைச் சுவருக்கு வெளிய இருக்கற பார்க்கிங்ல நிறுத்தி தூங்கினோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல நல்ல மழை. அம்மா மூஞ்சில தண்ணி விழுதுன்னு பொண்ணு எழுப்பறா. லைட்ட போட்டுப் பாத்தா பின் பெட்டுக்கு நேர் மேல இருக்கற கூரை ஜன்னல், 40க்கு 40 சென்டிமீட்டர் இருக்குமே அந்த சதுர மூடி, அதோட உள் ஃப்ரேம்ல ஒரு ஸ்க்ரூ பக்கத்துல சொட்டு திரளுது, கொஞ்சம் கொஞ்சமா பெருசாகி தலகாணில விழுது, அடுத்தது திரளுது. ஃப்ரேம் ஓரத்த விரலால தடவினேன், பழைய சிலிக்கான் பசை கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு, யாரோ ஏற்கனவே பூசி வச்சிருக்காங்க. கீழ சோத்துப் பாத்திரத்த வச்சுட்டு, பிள்ளைங்கள எங்க பெட்டுக்கு மாத்திட்டு, நாங்க ரெண்டு பேரும் விடியற வரைக்கும் டேபிள் கிட்ட உக்காந்திருந்தோம்.

காலைல ஹாட்லைனுக்கு போன் பண்ணா, அது மழைத் தண்ணி இல்ல, நாலு பேரு உள்ள தூங்கினா மூச்சுக் காத்து குளிர்ந்து தண்ணியாகும், ஜன்னல கொஞ்சம் திறந்து வைங்கன்னு சொல்லிட்டாங்க. மழை பெய்யறப்போ மட்டும் ஒரே எடத்துல சொட்டறது எப்படி மூச்சுக் காத்துன்னு கேட்டேன், பக்கத்துல ஒர்க்ஷாப் எதுவும் எங்ககிட்ட இல்லன்னு பேச்ச முடிச்சிட்டாங்க. நானும் போன வச்சுட்டு ஒரு டேப் வாங்கி உள்பக்கம் ஒட்டிட்டு கிளம்பிட்டேன். இதுதான் நாங்க பண்ணின ரெண்டாவது தப்பு. போன்ல சொன்னதுக்கு சாட்சி கிடையாது. ஜெர்மன் சிவில் சட்டம் பிஜிபி பிரிவு 536சி படி வாடகைப் பொருள்ல குறை தெரிஞ்சா உடனே ஓனருக்கு தெரிவிக்கணும், தெரிவிச்சா பிரிவு 536 படி அந்த நாளுக்கு வாடகையையும் குறைக்கச் சொல்லலாம். அன்னைக்கே ஃபோட்டோவோட ரெண்டு வரி மெயில் போட்டிருந்தா கதையே வேற. நல்ல வேளையா ராத்திரியே சொட்டறத வீடியோ எடுத்து ஊர்ல இருக்கற என் தம்பிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தேன், தேதி நேரத்தோட அது அப்படியே இருந்துச்சு.

மத்தபடி டிரிப்ப குறை சொல்ல மாட்டேன். நோர்ட்லிங்கன்ல கோட்டைச் சுவர் மேலயே ஊர முழுசா ஒரு சுத்து நடந்து வந்தோம், சுமார் ஒன்றரை கோடி வருஷத்துக்கு முன்னாடி விண்கல் விழுந்த பள்ளத்துக்குள்ளதான் அந்த ஊரே இருக்குன்னு தெரிஞ்சதும் பிள்ளைங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். ஒண்ணு மட்டும், கேம்பிங் சைட்ல நிறைய இடத்துல மதியம் 1 மணில இருந்து 3 மணி வரைக்கும் கேட்ட மூடிடுவாங்க, அதுக்கேத்த மாதிரி டைம் பாத்துக்கோங்க.

திருப்பிக் கொடுக்கறப்போ காலைல 10 மணிக்குள்ள வரணும். போனோம், ஆபீஸ்ல இருந்த ஒரு அம்மா உள்ள எட்டிப் பாத்துட்டு எல்லாம் சரி, நாங்க அப்புறம் செக் பண்ணிக்கறோம், டெபாசிட் வந்துடும்னு சொல்லி சாவிய வாங்கிக்கிட்டாங்க. திருப்பி வாங்கினதுக்கு பேப்பர் கேட்டோம், மெயில்ல வரும்னாங்க. மெயில் வந்தது மூணு வாரம் கழிச்சு. கூரை ஜன்னல் மூடில விரிசல், மாத்தறதுக்கு எஸ்டிமேட் 600, அதுக்கு 19% வரி 114, மொத்தம் 714. உள்ள கிளீனிங் 120. மீதி 666 யூரோ அக்கவுண்டுக்கு வந்துச்சு. இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு கேட்டா, ஒவ்வொரு சேதத்துக்கும் முதல் 1500 யூரோ உங்க பொறுப்புன்னு காண்ட்ராக்ட்ல இருக்காம்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒழுகற வண்டிய கொடுத்து பிள்ளைங்கள நனைய விட்டுட்டு அதே ஓட்டைக்கு எங்ககிட்டயே காசு கேக்கறாங்க. ஆத்திரத்துல ஆதாரம் அனுப்புங்கன்னு ஒரே வரில பதில் போட்டேன், ரெண்டு ஃபோட்டோ அனுப்பினாங்க. அதுல ரெண்டாவத பெருசாக்கிப் பாத்தேன். விரிசல் மூடியோட ஒரு மூலையில ஆரம்பிச்சு நடு வரைக்கும் ஓடுது, அந்த விரிசலுக்குள்ள பச்சையா பாசி. அதுக்கு மேல சாம்பல் கலர்ல காஞ்சு போன சிலிக்கான், அந்த சிலிக்கானும் வெடிச்சு அதுக்குள்ளயும் பாசி. 9 நாள்ல எந்த ஊர்ல பாசி பிடிக்கும்? அவங்க ஃபோட்டோதான், அவங்களே அனுப்பினது.

ஏடிஏசி, அதாவது ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கத்துல மெம்பரா இருந்ததால அவங்க வக்கீல்கிட்ட ஒரு தடவ இலவசமா கேக்க முடிஞ்சுது. அவர் சொன்னதுல முக்கியமானது, ரிப்பேர் பண்ணாம எஸ்டிமேட்ட மட்டும் வச்சு நஷ்டஈடு கேட்டா அதுல வரிய சேக்கக் கூடாது, பிரிவு 249லயே இருக்கு. அதே மாதிரி ஒழுங்கா உபயோகிச்சதால வர்ற தேய்மானத்துக்கு வாடகைக்கு எடுத்தவங்க பொறுப்பில்ல, அது 538. சேதம் நம்ம கைல இருந்தப்போதான் ஆச்சுன்னு அவங்கதான் நிரூபிக்கணும், ஆனா நாம சேதம் இல்லன்னு கையெழுத்து போட்ட பேப்பர் அவங்ககிட்ட இருக்கே, அதான் அவங்க தெம்பு. நாங்க வீடியோ, பாசி ஃபோட்டோ, தம்பிக்கு அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் வச்சு 14 நாள் கெடு கொடுத்து ரிஜிஸ்டர் தபால் அனுப்பினோம். முதல்ல நல்லெண்ண அடிப்படைல 114 திருப்பித் தர்றோம்னு எழுதினாங்க, அது வரிப் பணம், எப்படியும் கேக்கவே கூடாதது. அப்புறம் வக்கீல் லெட்டர் போச்சு, அதுக்கு தனியா செலவு, ரெண்டரை மாசம் கழிச்சு 600ம் வந்துச்சு. கிளீனிங் 120 இன்னும் வரல, கேட்டுட்டுதான் இருக்கேன். வண்டிய நாங்க பெருக்கித் துடைச்சு டாய்லெட் டப்பா காலி பண்ணித்தான் கொடுத்தோம், ஆனா அதுக்கு எங்ககிட்ட ஒரு ஃபோட்டோ கூட இல்ல.

புதுசா எடுக்கறவங்க ஏணி கேளுங்க. இல்லன்னா செல்ஃபி ஸ்டிக்ல போன மாட்டி வீடியோ மோட்ல கூரைய மேல இருந்து ஒரு சுத்து எடுங்க, அதுவும் முடியலன்னா கையெழுத்துக்கு மேலயே டாஹ் நிஷ்ட் கெப்ரூஃப்ட் (Dach nicht geprüft)னு ஜெர்மன்லயே எழுதிடுங்க, கூரைய செக் பண்ணலன்னு அர்த்தம், எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஜன்னல் மூடி எல்லாத்தையும் உள்ள இருந்து ஒவ்வொண்ணா திறந்து பாருங்க, வெயில் பக்கம் தூக்கிப் பிடிச்சா விரிசல் தெரியும். வெளிய விரிக்கற அந்த துணிப் பந்தலையும் முழுசா விரிச்சுக் காட்டச் சொல்லுங்க, சுருட்டி வச்சிருந்தா கிழிசல் தெரியாது. அவங்க ஆபீஸ் மூடற டைம பத்தி நீங்க கவலைப்படாதீங்க, முடிஞ்சா சனிக்கிழமை காலைல எடுக்கற மாதிரி புக் பண்ணுங்க.

இந்த வருஷத்துக்கு வேற மூணு இடத்துல போன் பண்ணி கூரை பாக்க ஏணி தருவீங்களா, திருப்பிக் கொடுக்கறப்போ எங்க முன்னாடியே செக் பண்ணி பேப்பர்ல கையெழுத்து போடுவீங்களான்னு கேட்டேன். ஒரு இடத்துல வழக்கம் இல்லன்னாங்க, இன்னொரு இடத்துல யோசிச்சு சொல்றோம்னாங்க. மூணாவது ஒரு சின்ன குடும்பம் நடத்தற இடம், அந்த பெரியவர், ஏணி ஷெட் வாசல்லயே சாத்தி வச்சிருக்கு, நானே பிடிச்சுக்கறேன், நீங்க ஏறிப் பாருங்கன்னாரு. அங்கதான் புக் பண்ணியிருக்கோம்.