போட்ல பாட்டு கேக்க நான் மாட்டின செட்: ரெண்டு வருஷம் உப்புத்தண்ணில ஓட்டினதுக்கப்புறம் ஒரு ரிவ்யூ

மொத செட் எட்டே மாசத்துல செத்துப்போச்சு. கார்லருந்து கழட்டின ஸ்டீரியோ ஒண்ணு சும்மாதானே கிடக்குன்னு என்னோட 22 அடி ஃபைபர் போட்ல தூக்கி மாட்டினேன், ஸ்பீக்கரும் காரோடதுதான், மொத ரெண்டு மாசம் சூப்பரா பாடுச்சு, நான்கூட இந்த மரைன் (கடலுக்குன்னே செய்யறது) மரைன்னு சொல்றதெல்லாம் சும்மா காசு புடுங்கற வேலைன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சேன். அப்புறம் ஒருநாள் இடது பக்கம் கரகரன்னு ஆரம்பிச்சுது. கழட்டிப் பாத்தா பேப்பர் கோன் (ஸ்பீக்கர் நடுவுல அதிர்ற கூம்பு) நமத்துப்போய் விரல் பட்டாலே பிய்யுது, மேக்னெட்ட சுத்தி துரு, வயர் முனையில பச்சையா பாசி மாதிரி ஏதோ பூத்திருக்கு. பாசி இல்லங்க அது, உப்புக்காத்துல செம்பு அரிச்சு வந்தது. இன்சுலேஷன சீவிக்கிட்டே போனா ஒரு சாண் நீளத்துக்கு உள்ள வயர் கருப்பா இருந்துச்சு.

சரின்னு முழுசா தூக்கிப் போட்டுட்டு புதுசா மாட்டினதுதான் இப்ப இருக்கற செட். ஒரு மரைன் ஹெட் யூனிட் (பாட்டு போடற மெயின் பொட்டி), நாலு 6.5 இன்ச் மரைன் ஸ்பீக்கர், ஒரு 5 சேனல் கிளாஸ் டி ஆம்ப் (சத்தத்த ஏத்தற ஆம்ப்ளிஃபயர், கரண்ட் கொஞ்சமா வீணாக்கற வகை), சீட்டுக்கு அடியில பேஸுக்கு ஒரு 10 இன்ச் ஃப்ரீ ஏர் சப்வூஃபர் (தனி பெட்டி இல்லாதது). என்ன பிராண்டுன்னு கேப்பீங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கம்பெனி, குறையும் சேத்து சொல்லப்போறதால பேரு வேணாம். ஃப்யூஷனா ஜேஎல் ஆடியோவான்னு மண்டையை உடைச்சுக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிடறேன், 2014ல ஃப்யூஷனையும் 2023ல ஜேஎல் ஆடியோவையும் வாங்கினது கார்மின்தான், இப்ப ரெண்டும் ஒரே வீட்டுப் புள்ளைங்க.

மொதல்ல ஸ்பீக்கர். டப்பா மேல பெருசா போட்டிருக்கற வாட் நம்பர பாக்கவே பாக்காதீங்க, அது பீக் பவர், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஒரு தடவ தாங்கறது. கீழ சின்ன எழுத்துல ஆர்எம்எஸ்னு ஒண்ணு இருக்கும், விடாம பாடறப்ப தாங்கற பவர், அதுதான் நிஜம். அதைவிட முக்கியமா நான் பாத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தள்ளி எத்தன டெசிபல் கேக்குதுங்கறது. 87 இருக்கற ஸ்பீக்கர்ல 90 இருக்கறதோட சத்தம் வரணும்னா ஆம்ப் பவர ரெண்டு மடங்கு ஆக்கணும், பேட்டரில ஓடற நமக்கு அது சும்மா இல்ல. அப்புறம் தண்ணி. அதுக்கு ஐபிஎக்ஸ்னு ஒரு ரேட்டிங் இருக்கு. ஐபிஎக்ஸ் 5ன்னா பைப் வச்சு பீச்சினா தாங்கும், ஐபிஎக்ஸ் 7ன்னா 1 மீட்டர் தண்ணிக்குள்ள 30 நிமிஷம் கிடந்தாலும் தாங்கும். 7 பெருசா இருக்கே அது போதும்னு நெனச்சா தப்பு, முங்கறதும் வேகமா பீச்சறதும் வேற வேற டெஸ்ட், 7 பாஸ் ஆனது 5ம் பாஸ் ஆகியிருக்கும்னு அர்த்தமே இல்ல. போட்ல ஸ்பீக்கர் முங்கற நிலைமைக்கு வந்தாச்சுன்னா பாட்டப் பத்தி யாரு கவலப்படப் போறா. இதோட உப்புப் புகை டெஸ்டும் வெயில் டெஸ்டும் பண்ணியிருக்காங்களான்னு பாருங்க, வெள்ளை கிரில் மஞ்சளா போறது வெயிலாலதான். என்னோடது ரெண்டு வருஷத்துல லேசா மங்கியிருக்கு, மஞ்சள் ஆகல. கோன் பாலிப்ரொப்பிலின், சுத்தி ரப்பர், பேப்பர்ங்கற பேச்சே இல்ல.

எங்க மாட்டறதுங்கறதுலதான் நான் ரொம்ப கத்துக்கிட்டேன். வீட்டு ரூம்ல சுவரு சத்தத்த திருப்பி அனுப்பும், போட்ல சுவரே கிடையாது, பாடினது அப்படியே காத்தோட போயிடும், தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் காலி. அதனால பின்னாடி ரெண்டே ரெண்டு பெரிய ஸ்பீக்கர வச்சு அலறவிட்டா பக்கத்துல உக்காந்தவனுக்கு காது கிழியும், முன்னாடி உக்காந்தவன் என்ன பாட்டுன்னு கேப்பான். நாலு ஸ்பீக்கரா பிரிச்சு ஆள் உக்கார்ற எடத்துக்குப் பக்கத்துலயே வச்சேன், சத்தம் பாதிதான் வைக்கறேன், எல்லாருக்கும் கேக்குது, பேசவும் முடியுது. முழங்கால் உயரத்துல வைக்காதீங்க, உக்காந்தா காலு மறைச்சுடும், ட்ரெபிள் (மேல் ஸ்தாயி சத்தம்) பூரா சீட்டு குஷன் குடிச்சிடும்.

ஓட்டை போடறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணினேன், அத பண்ணலன்னா பெரிய வம்பாயிருக்கும். ஸ்பீக்கர கையில எடுத்துக்கிட்டு ஸ்டீயரிங் பக்கத்துல மாட்டலாம்னு நெனச்ச எடத்துக்கு மெதுவா கொண்டு போனேன், கண்ணு காம்பஸ் மேலயே இருந்துச்சு. ஒரு முழம் தள்ளி இருக்கறப்பவே முள்ளு லேசா அசைஞ்சுது, இன்னும் கிட்ட போனா 20 டிகிரி திரும்பிடுச்சு. மேக்னெட்டு. ஆட்டோபைலட்டுக்கு தனி காம்பஸ் சென்சார் எங்கயாவது லாக்கருக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதையும் தேடிக் கண்டுபிடிச்சு அதுக்குத் தள்ளியே வையுங்க. நான் அந்த எடத்தையே விட்டுட்டு பக்கவாட்டு பேனலுக்குப் போயிட்டேன். வெட்டறதுக்கு முன்னாடி பின்பக்கம் கை விட்டுத் துழாவிப் பாருங்க, ஸ்பீக்கர் சுமார் 3 இன்ச் உள்ள போகும், அங்க பெட்ரோல் ஹோஸோ ஸ்டீயரிங் கேபிளோ ஓடலாம். ஹோல் சாவ மொதல்ல ரிவர்ஸ்ல சுத்தவிட்டு மேல இருக்கற பளபள பூச்ச (ஜெல்கோட்) மட்டும் தேய்ச்சு எடுத்துட்டு அப்புறம் நேரா சுத்தினா ஓரம் சில்லு சில்லா பேராது. பேனலுக்கு நடுவுல மரம் இருந்தா வெட்டின ஓரம் பூரா எபாக்ஸி தடவி மூடிடுங்க, இல்லன்னா ஸ்பீக்கர் நல்லாவே இருக்கும், போட் அழுகும்.

சப்வூஃபர் கதைய தனியா சொல்லணும். மாட்டி முடிச்சு ஆன் பண்ணினா பேஸே இல்ல. கோன் குதிக்குது, கை வச்சா அதிருது, ஆனா காதுக்கு ஒண்ணும் வரல. ரெண்டு நாள் ஆம்ப் செட்டிங்க திருகிக்கிட்டே கிடந்தேன். கூட இருந்த ஃப்ரெண்டுதான் லாக்கருக்குள்ள தலைய விட்டு "மச்சான், இங்க பக்கத்து லாக்கருக்கு கை போற அளவு ஓட்டை இருக்குடா"ன்னான். அதேதான். ஃப்ரீ ஏர் சப்புக்கு பின்னாடி இருக்கற லாக்கர்தான் பெட்டி, அது மூடியிருக்கணும், கோனுக்குப் பின்னாடி வர்ற அலை சுத்திக்கிட்டு முன்னாடி வந்தா ஒண்ண ஒண்ணு அடிச்சுத் தின்னுடும். வயர் போற அளவு மட்டும் விட்டு ப்ளைவுட் துண்டு ஒண்ண வச்சு சீலண்ட் பூசி அடைச்சோம். அன்னிக்கு சாயங்காலம் ஆன் பண்ணினப்ப சீட்டு அடிச்சுது பாருங்க முதுகுல, ரெண்டு பேரும் சின்னப்பசங்க மாதிரி சிரிச்சோம். பேஸ் கம்மியா இருந்தா இன்னொண்ணும் பாருங்க, ஏதாவது ஒரு ஸ்பீக்கர்ல ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். 1.5 வோல்ட் பேட்டரிய ஸ்பீக்கர் வயர்ல ஒரு நொடி தொட்டா, ப்ளஸ் சரியா இருந்தா கோன் வெளிய தள்ளும். எனக்கு நாலுல ஒண்ணு உள்ள போச்சு.

வயரிங்லதான் காசு செலவு பண்ணணும்னு நான் கத்துவேன், கத்திக்கிட்டே இருப்பேன். வெள்ளீயம் (டின்) பூசின செம்பு வயர் வாங்குங்க, வெள்ளியாட்டம் இருக்கும், லேசுல பச்சை பூக்காது. ஆம்ப் மொத்தம் 400 வாட் ஆர்எம்எஸ், கிளாஸ் டிங்கறதால இழுக்கற கரண்ட்ல சுமார் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகுதுன்னு வையுங்க, 12 வோல்ட்ல முழு வேகத்துக்கு 40 ஆம்பியர் சொச்சம் இழுக்கும். பேட்டரிலருந்து ஆம்புக்கு 20 அடி, போக வர 40 அடி. 8 கேஜ் வயர்ல (கேஜ் நம்பர் கொறைஞ்சா வயர் தடிமன்) 40 ஆம்பியர் போனா வழியிலயே 1 வோல்ட் காணாமப்போகும், 4 கேஜ்னா 0.4 வோல்ட்தான். நான் 4 போட்டேன். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும், போட்டுக்கான அமெரிக்க ஏபிஒய்சி தரம் 7 இன்ச்சுக்குள்ளன்னு சொல்லுது, ஆம்ப் பக்கத்துல ஃபியூஸ் இருக்கேன்னு விட்டுடாதீங்க, நடுவுல வயர் எங்கயாவது தேஞ்சு ஷார்ட் ஆனா அந்த ஃபியூஸ் வேடிக்கதான் பாக்கும். பெட்ரோல் இன்ஜின் ரூம்லயோ டேங்க் இருக்கற எடத்துலயோ ஆம்ப மாட்டவே மாட்டாதீங்க, ஒரு பொறி போதும். வெறுமன சால்டர் வச்ச ஜாயிண்டும் வேணாம், ஆட்டத்துல உடையும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் க்ரிம்ப் போடுங்க. ஸ்பீக்கர் கிட்ட வயர ஒரு வளைவு கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க, வழியற தண்ணி டெர்மினலுக்குப் போகாம அந்த வளைவுல சொட்டிடும்.

இவ்வளவு பேசற நான் பண்ணின கூத்து: ஆம்ப ஆன் ஆஃப் பண்ற ரிமோட் வயர ஹெட் யூனிட்ல குடுக்காம அவசரத்துல நேரா ப்ளஸ்ல குடுத்துட்டேன். பாட்ட ஆஃப் பண்ணினாலும் ஆம்ப் தூங்கவே இல்ல. சும்மா இருக்கறப்ப 1 ஆம்பியர்னு வச்சாலும் நாளைக்கு 24 ஆம்பியர் அவர், 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரில பாதிதான் எடுக்கலாம்னு கணக்கு, ரெண்டு நாள்ல முடிஞ்சுது. மூணாவது நாள் போய் சாவி திருகினா டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். அன்னிலருந்து பாட்டுக்கு தனி பேட்டரி, இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு தனி பேட்டரி, இது ரெண்டும் ஒண்ணா இருக்கவே கூடாது.

அடுத்து அந்த ஙீஈஈ சத்தம். இன்ஜின் ஸ்டார்ட் பண்ணினா ஸ்பீக்கர்ல ஒரு விசில், த்ராட்டில் ஏத்தினா விசிலும் ஏறுது, பாட்டுக்கு நடுவுல கொசு மாதிரி. ஃபில்டர் வாங்கு அது வாங்குன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. கடைசில பாத்தா ஹெட் யூனிட்டோட நெகட்டிவ் டேஷ்போர்டு பஸ் பார்ல (பல வயர் சேர்ற உலோகப் பட்டை), ஆம்போட நெகட்டிவ் நேரா பேட்டரில, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஹெட் யூனிட்லருந்து ஆம்புக்கு பாட்டு போற ஆர்சிஏ கேபிள் வழியா பாட்டுக்குள்ள பூந்துக்கிச்சு. ரெண்டையும் ஒரே எடத்துல முடிஞ்சேன், விசில் செத்துது. ஃபில்டர் வாங்கல.

ஸ்பீக்கர சுத்தி கலர் கலரா எரியற எல்இடி இருக்கே, அது எனக்குப் பிடிக்கல, ஆனா பசங்களுக்குப் பிடிச்சிருக்கு. அத வாங்கினா ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. போட்டுக்கு போட்டு பேசற விஎச்எஃப் ரேடியோவ யாரும் பேசாத சேனல்ல வச்சு ஸ்க்வெல்ச்ச (இரைச்சல அடக்கற குமிழ்) இரைச்சல் நிக்கற எடம் வரைக்கும் திருகுங்க, அப்புறம் எல்இடிய போடுங்க, ஆம்பையும் போடுங்க. இரைச்சல் திரும்ப வந்தா அது உங்க ரேடியோவ செவிடாக்குது. 2018ல அமெரிக்க கோஸ்ட் கார்ட் எல்இடி விளக்கு பத்தி இதே எச்சரிக்கைய விட்டாங்க. ஆபத்துன்னா கூப்பிடற சேனல் 16ல ஒருத்தன் உதவி கேட்டு கத்தறப்ப நம்மளுக்கு கேக்கலன்னா என்ன பண்றது. 1972 கடல் மோதல் தடுப்பு விதில 5வது விதியே கண்ணாலயும் காதாலயும் காவல் இருக்கணும்னு சொல்லுது, அதனால ஓட்டறவன் பக்கத்து ஸ்பீக்கர நான் தனி ஸோன்ல (தனியா சத்தம் கூட்டிக் கொறைக்கற பகுதி) வச்சு எப்பவும் கொறைச்சேதான் வைக்கறேன். ஹெட் யூனிட் வாங்கறப்ப ஸோன் தனித்தனியா இருக்கான்னு பாருங்க, ப்ளூடூத் எல்லாத்துலயும் இருக்கு, ஸோன் இருக்காது.

ஹெட் யூனிட்ல எனக்கு ஒரே மனக்குறை அந்த டச் ஸ்க்ரீன். ஈர விரல வச்சா ஒரு பாட்டு கேட்டா இன்னொண்ணு வருது, தண்ணி தெறிச்சாலே தானா மெனுவுக்குள்ள போய் உக்காந்துக்குது, நட்டநடு வெயில்ல திரையில என் மூஞ்சிதான் தெரியுது. திருகற குமிழ் இருக்கறத வாங்கியிருக்கணும். இப்ப போனத்தான் பாதி நேரம் ரிமோட் மாதிரி வச்சிருக்கேன். மத்தபடி ரெண்டு வருஷமா ஒரு தடவகூட தொங்கல, பாட்டு தெளிவு, ஓடறப்ப பேஸ் இன்ஜின் சத்தத்துல கரைஞ்சுடும் (அதுக்கு எந்த செட்டாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, இன்னும் ஏத்தினா ஆம்ப் முடியாம க்ளிப் ஆகி (அலை முனை வெட்டுப்பட்டு) ட்ரெபிள் பாடற ட்வீட்டர் போயிடும்), நங்கூரம் போட்டு நின்னா அவ்ளோ அழகு.

ஆனா நின்னப்புறம் வால்யூம் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். சாயங்காலம் தண்ணிக்கு மேல காத்து குளிர்ந்து கிடக்கும், மேல சூடு, அப்ப சத்தம் மேல போகாம வளைஞ்சு தண்ணியோடயே ரொம்ப தூரம் ஓடும். ஒரு நாள் நாங்க மெதுவாதான் வச்சிருந்தோம்னு நெனச்சோம், எங்கயோ தள்ளி நின்ன போட்லருந்து ஒருத்தர் கத்தினார், சத்தத்த கொறைக்கச் சொல்றாருன்னு கைய தூக்கி சாரி சொன்னேன். அவரு சொன்னது, மூணாவது தடவையா அதே பாட்டு ஓடுதாம், மாத்தச் சொன்னாரு.

இப்போதைக்கு பாக்கி ஒரே வேலதான். பின்பக்க வலது ஸ்பீக்கர்ல மூணு ஸ்க்ரூவுக்குக் கீழ பழுப்பா கோடு இறங்கியிருக்கு, உப்ப நல்லா தாங்கற 316 ஸ்டெயின்லெஸ் தீந்துபோய் அன்னிக்கு கையில கெடச்ச 304 ரகத்த போட்டது. அடுத்த தடவ போறப்ப மாத்தணும்.