திருவொற்றியூரிலிருந்து இரண்டு எக்கோஸ்போர்ட்டுகள்: பன்னிரண்டு வருட அனுபவம்

2014 பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசல் வண்டி இப்போது 1,47,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ராயபுரத்தில் இருக்கும் என் தம்பி 2018-ல் அதே வண்டியின் புது வடிவத்தைப் பெட்ரோலில் வாங்கினான். ஊருக்குப் போவது, கல்யாணம், காதுகுத்து என்று வண்டியை மாற்றி மாற்றி ஓட்டியதில் இரண்டும் எனக்கு நன்றாகவே பழக்கம். கம்பெனி கார் விற்பதை நிறுத்திவிட்டதே, பழைய எக்கோஸ்போர்ட்டை நம்பி வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். எக்கோஸ்போர்ட்டின் முதல் தலைமுறை பிரேசிலில் 2003-ல் வந்தது. அது இங்கே வரவே இல்லை. 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டி, மறைமலை நகரில் தயாரித்து, 2013 ஜூனில் விற்க ஆரம்பித்தது இரண்டாம் தலைமுறை. 2017 நவம்பரில் முகப்பு, உள்பக்கம், பெட்ரோல் எஞ்சின் மூன்றையும் மாற்றினார்கள். நாம் 'பழைய மாடல்', 'புது மாடல்' என்று சொல்வது இந்த இரண்டைத்தான். உடம்பு ஒன்றே.

அந்த உடம்புதான் எங்கள் வடசென்னைப் பக்கத்துக்கு முக்கியம். நான்கு மீட்டருக்குள் இருந்தால், டீசல் எஞ்சின் 1500 சிசி-க்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் நீளத்தை 3999 மில்லிமீட்டரிலும் டீசல் எஞ்சினை 1498 சிசி-யிலும் நிறுத்தினார்கள். வரிக்காகப் பிடித்த அளவு பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் பெரிய வரமாக இருக்கிறது. எதிரே மீன்பாடி வண்டி வந்தாலும் கண்ணாடியை மடக்கினால் போதும். அதே நேரம் தரைக்கும் வண்டிக்கும் 200 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நசுக்கிப்போட்ட பள்ளங்களில் இத்தனை வருடத்தில் அடி தட்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு. தாழ்வான கார் என்றால் உட்காரும்போது விழுவது போலவும், எழும்போது இரண்டு பேர் தூக்க வேண்டியும் இருக்கும். இதில் சீட் உயரம் அவர் இடுப்புக்கு நேராக வருகிறது. புடவையோடு பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்வார். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

கதவில் தொங்கும் ஸ்டெப்னியைப் பலர் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். ஒரு முறை பழவேற்காட்டிலிருந்து இரவு திரும்பும்போது எர்ணாவூர் தாண்டி பின்பக்க டயர் இறங்கியது. லாரியிலிருந்து விழுந்த கட்டைவிரல் தடிமன் போல்ட் ஒன்று ரப்பரில் பாதி உள்ளே போயிருந்தது. டிக்கி முழுக்கப் பை, பாய், பிள்ளைகளின் பொம்மைகள், ஐஸ் பெட்டியில் இறால். எதையும் ரோட்டில் இறக்கி வைக்கவில்லை. ஸ்டெப்னி வெளியே, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே இருந்ததால் நட்டைக் கழற்றி அப்படியே இறக்கினேன். லாரிகள் உரசிப்போகும் ரோட்டோரத்தில் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் இதற்கு விலையும் உண்டு. வீட்டுக் கதவு போலப் பக்கவாட்டில் திறக்கும் டிக்கிக் கதவு அது. பின்னால் இரண்டரை, மூன்று அடி இடம் விட்டு நிறுத்த வேண்டும். கைப்பிடி வலது பின்விளக்கோடு சேர்ந்து ஒளிந்திருப்பதால் புதிதாக வருபவர்கள் தேடிக்கொண்டே நிற்பார்கள். 2021 மார்ச்சில் வந்த எஸ்.இ. வகையில் ஸ்டெப்னியையே எடுத்துவிட்டுப் பஞ்சர் ஒட்டும் கருவி கொடுத்தார்கள். அந்தப் போல்ட் போட்ட ஓட்டையை எந்தக் கருவியும் ஒட்டியிருக்காது. எங்கள் பக்கம் ஓட்டுபவர்கள் ஸ்டெப்னி உள்ள வண்டியாகப் பார்த்து எடுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். என்னுடையது 90 குதிரைத்திறன் டீசல், இழுவிசை 204 நியூட்டன் மீட்டர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் கூட லிட்டருக்கு 15 கொடுத்தது. திருச்செந்தூர் போய் வந்தால் 20. தம்பியுடையது மூன்று சிலிண்டர் பெட்ரோல், 1497 சிசி, 123 குதிரைத்திறன். சும்மா நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் தெரியும். மூன்று சிலிண்டரின் சுபாவம் அது. ஓட ஆரம்பித்ததும் என் வண்டியை விட அமைதி. ஊருக்குள் அவனுக்கு 11, 12-தான் கிடைக்கிறது. புது மாடல் டீசலுக்கு 100 குதிரைத்திறன். அதை நண்பர் ஒருவரிடம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். இன்று நான் பழைய வண்டி தேடினால் அதைத்தான் எடுப்பேன்.

உள்ளே உட்கார்ந்தால் மாடல் மாறியது நன்றாகத் தெரியும். என் வண்டியின் நடுப்பலகை முழுக்கப் பொத்தான்கள், மேலே சின்னத் திரை. தம்பியுடையதில் 8 அங்குலத் தொடுதிரை, ஆறு ஏர்பேக். என்னுடையதில் இரண்டுதான். குடும்பத்தோடு நெடுஞ்சாலை ஏறும்போது அந்த நான்கு ஏர்பேக் வித்தியாசம் என் மனதில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. தூரப் பயணத்துக்கு அவன் வண்டியைக் கேட்பதும் அதனால்தான். பின் சீட்டுக்குத் தனி ஏசி துவாரம் இரண்டிலும் இல்லை. சித்திரை வெயிலில் பின்னால் மூன்று பெரியவர்கள் என்றால் கஷ்டம்.

அப்புறம் தண்ணீர். 550 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. 205/60 ஆர் 16 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதாவது டயரின் மேல் விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழே. தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அந்தக் கணக்கு சரி. எதிரே பஸ் வந்து அலை எழுப்பினால் எல்லாம் மாறிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த மறுநாள் காலை அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நான் முதலில் குச்சியோடு தெருமுனை வரை நடந்து பார்த்தேன். ஆழமான இடத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்கும் அளவு. ஏசியை அணைத்து, முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்து, கிளட்சைத் தொடாமல் போனேன். பின் சீட்டிலிருந்து அம்மா "மெதுவா போப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுரங்கப்பாதைப் பக்கமே திரும்பாமல் மேடான ரோடாகப் பார்த்துச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். அம்மா நான்கு நாளில் வீடு திரும்பினார்.

ஒரு வாரம் கழித்து முன்சக்கரத்திலிருந்து விமானம் போல ஒரு ரீங்காரம். தண்டையார்பேட்டை மெக்கானிக் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேரிங்ல தண்ணி எறங்கிடுச்சுண்ணே" என்றார். வெள்ளத்தில் போன எந்தக் காருக்கும் நடக்கக்கூடியது. காற்று ஃபில்டர் பெட்டியைத் திறந்து காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், பிரேக்கைக் கழற்றித் துடைப்பதும் அவசியம். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது; எஞ்சினுக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

கடல் காற்றும் சாம்பலும் எங்கள் தனிப் பிரச்சனை. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் கண்ணாடியில் மெல்லிய சாம்பல் படிந்திருக்கும். வைப்பரை அப்படியே போடாதீர்கள், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். பழைய வண்டி பார்க்கப் போனால் ஸ்டெப்னி தாங்கும் இரும்பு, சஸ்பென்ஷன் போல்ட்டுகள் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர வண்டியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மறைமலை நகரில் வேலை பார்த்த உறவினர் பையன் ஒருவன் எங்கள் வீட்டில் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண்களைப் பார்த்தபோது உதிரிபாகக் கவலை சின்னதாகிவிட்டது. 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் அந்த ஆலையிலிருந்து வெளியே வந்தது. இப்போது அதே இடத்தில் எஞ்சின் தயாரிக்க 2025-ல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, நல்லபடி நடக்கட்டும்.

உதிரிபாகம் இதுவரை கிடைக்கிறது. ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் எளிது. கண்ணாடி, விளக்கு போன்றவைதான் தாமதமாகும். லாரி உரசி உடைந்த பக்கக் கண்ணாடிக்கு மூன்று வாரம் காத்திருந்தேன். ஒரு கடையில் போலி டீசல் ஃபில்டரை அசல் விலைக்குக் கொடுத்துவிட்டார்கள், அதனால் பெட்டியின் முத்திரையைப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை. டீசலும் பெட்ரோலும் பெல்ட் எஞ்சின்கள்தான், சங்கிலி இல்லை. புது மாடல் பெட்ரோலில் அந்தப் பெல்ட் எண்ணெயிலேயே ஓடுகிறது. கையேட்டில் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு ஊற்றினால் பெல்ட் கரைந்து உதிரும். பெல்ட் மாற்றிய பில்லோ, சரியான எண்ணெய் ஊற்றிய பில்லோ இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். என் வண்டிக்குப் போன வருடம் பெல்ட்டோடு வாட்டர் பம்பும் மாற்றினேன். 2029 ஜனவரியில் பதினைந்து வருடம் முடிகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துத் தொடர்ந்து ஓட்டுவதாகத்தான் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.