கிருஷ்ணகிரியில் அப்பா இருந்த நிமோனியா வார்டு

அப்பாவுக்கு 71 வயது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டம். மார்கழியில் காய்ச்சலும் இருமலும் பிடித்து, நான்காம் நாள் இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது. கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இன்ஃப்ளூயன்சாவால் வந்த நிமோனியா என்றார்கள். ஒன்பது நாள் இருந்தோம். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் போடவில்லை. டாக்டர் காலையும் மாலையும் வந்துபோவார், மீதி நேரமெல்லாம் நோயாளி நர்ஸ்கள் கையில்தான். அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் மதியம், விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 என்று காட்டியது. எனக்கு நிம்மதி. பகல் ஷிஃப்ட் சிஸ்டர் போர்வையை இறக்கி, அப்பாவின் நெஞ்சையே பார்த்தபடி, வாட்சை வைத்து ஒரு நிமிஷம் முழுசாக மூச்சை எண்ணினார்.

“காலையில 24 இருந்துச்சு, இப்போ 32. ஐயா கஷ்டப்பட்டு இழுக்கறதாலதான் 94 நிக்குது. கழுத்து நரம்பு இழுக்குது பாருங்க” என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். உடனே டாக்டருக்குப் போன் போனது. அரை மணி நேரத்தில் ஐசியு. இரண்டு நாள் கழித்து வார்டுக்குத் திரும்பினோம். அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

அதே சிஸ்டர்தான் ஆக்சிஜன் குழாய் உரசி காதுக்குப் பின்னால் சிவந்திருப்பதைக் கண்டு பஞ்சு வைத்தார். அம்மா படுத்த வாக்கில் கேழ்வரகுக் கூழ் ஊட்டப் போனபோது தடுத்து, “புரை ஏறினா நுரையீரலுக்குள்ள போயிடும்மா” என்று கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டச் சொன்னார். தினமும் இரண்டு வேளை வாயைச் சுத்தம் செய்வதையும் விடவில்லை.

இரவு வேறு கதை. வார்டு முழுவதற்கும் ஒரே நர்ஸ். ஆறாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டிலில் தண்ணீர் வற்றிக் குமிழி நின்றுவிட்டது. அப்பாவின் மூக்கு காய்ந்து ரத்தம் கசிந்தது. பெல் அடித்தும் யாரும் வரவில்லை. தேடிப் போனால் அந்தப் பெண் இன்னொரு கட்டிலில் வாந்தி எடுப்பவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவரை என்ன சொல்ல? பில்லில் நர்சிங் சார்ஜ் என்று தினமும் தனியாகப் போட்ட நிர்வாகம்தான் இன்னொரு ஆளைப் போட்டிருக்க வேண்டும். கவுண்டரில் எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை.

பகலுக்கு ஐந்துக்கு ஐந்து, இரவுக்கு இரண்டு. நிமோனியாவுக்கு எங்கே சேர்த்தாலும் இரவில் வீட்டு ஆள் ஒருவர் விழித்திருங்கள். பாட்டில் வற்றினால் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கிருமி சேரும். நர்ஸைக் கூப்பிட்டுச் சுத்திகரித்த தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள்.