சம் மணல்மேட்டில் லக்ஷரி டென்ட்: குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

ராஜஸ்தான் பக்கம் காரில் போகத் திட்டம் போடும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள். ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேட்டுப் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை முதலில் சொல்கிறோம். கேம்பின் பெயர் இங்கே வேண்டாம். இதே முறையில் ஏமாற்றுவது ஒரே ஒரு கேம்ப் இல்லை என்பதால் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

டிசம்பர் கடைசி வாரம். கணவன், மனைவி, பாட்டி, 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பிகானேரிலிருந்து தங்கள் சொந்தக் காரில் வந்தவர்கள். ஆப் வழியாக இரண்டு டீலக்ஸ் டென்ட் புக் செய்து முழுப் பணமும் கட்டியிருந்தார்கள். கேம்ப் வாசலில் போய் நின்றபோது இருட்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ரிசப்ஷனில் இருந்தவர், "சார், உங்க டென்ட்ல ஹீட்டர் லைன் ரிப்பேர். பக்கத்துலயே நம்ம இன்னொரு கேம்ப் இருக்கு, அதைவிட நல்லா இருக்கும். ஆப்ல மட்டும் நீங்களே கேன்சல் போட்டுடுங்க, பணம் திரும்பி வந்துடும்" என்றார். பாட்டிக்கு உட்கார இடமில்லை, சின்னவன் தூங்கி விழுகிறான். கேன்சல் போட்டார்கள். அது ரீஃபண்ட் இல்லாத புக்கிங். ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அடுத்த கேம்பில் மறுபடி முழு வாடகை, அதுவும் பில் இல்லாமல் ரொக்கமாக. அங்கேயும் ஹீட்டர் இல்லை. பாட்டி குளிரில் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, எரியும் கரி போட்ட இரும்புச் சட்டி ஒன்றை டென்ட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அதை உடனே வெளியே எடுக்கச் சொன்ன பிள்ளைகளின் அம்மாவின் புத்தியால்தான் இந்தக் கதை பணத்தோடு முடிந்தது. கரிச்சட்டியைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்றால், இருட்டிய பிறகு பாலைவனத்தில் ஒரு வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு வேறு வழி கிடையாது. ஆடு மாடும் ஒட்டகமும் குறுக்கே வரும் சாலை, விளக்கில்லாத இருட்டு, நல்ல ஹோட்டல் வேண்டுமென்றால் திரும்ப ஜெய்சல்மேருக்கே போக வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கேயும் அறை கிடைப்பது கஷ்டம். ஆப் வழியாக முன்பே குறைந்த விலைக்கு விற்ற டென்ட்டை, அன்று மாலை நேரில் வருகிறவரிடம் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கில் விற்க முடிகிறது. ஆப்புக்குத் தர வேண்டிய கமிஷனும் கேம்புக்கு மிச்சம். அதனால் தாமதமாக வருகிறவரின் டென்ட்தான் முதலில் கைமாறும்.

ஆகவே முதல் பாதுகாப்பு நேரம். பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 330 கிலோமீட்டர், பலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான் வழி. ஜோத்பூரிலிருந்து என்றால் சுமார் 280. சாலை நன்றாகவே இருக்கும், ஆனால் பிள்ளைகளோடு நிறுத்தி நிறுத்திப் போனால் பிகானேர் பக்கத்திலிருந்து ஆறேழு மணி நேரம், அதற்கு மேல் சம் போக முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அங்கே சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்று முன்னால். நான்கு மணிக்கெல்லாம் கேம்பில் இருந்தால், டென்ட் சரியில்லை என்று திரும்பிப் போகவும் வெளிச்சம் மிச்சமிருக்கும். வழியில் ஒரு கோட்டையைக் கூடுதலாகப் பார்க்கலாம் என்று இந்த நேரத்தை இழக்காதீர்கள். காலை எட்டு மணிக்குள் கிளம்பும்போதே, இத்தனை மணிக்கு வருகிறோம் என்று கேம்பின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, பதில் வாங்கிவிடுங்கள்.

இனி அந்தக் கேன்சல் விஷயம். நீங்கள் பட்டனை அழுத்தினால், ஆப்பின் கணக்கில் வாடிக்கையாளர் தானாக ரத்து செய்தார் என்றுதான் பதிவாகும். ரத்து விதிப்படி பணம் போகும். கேம்ப் உங்களை உள்ளே விட மறுத்தது என்று பதிவானால், மாற்று இடமோ பணமோ தரும் பொறுப்பு ஆப்புக்கு வரும், கேம்பின் பேரிலும் கரும்புள்ளி விழும். அதனால்தான் உங்கள் கையால் அழுத்தச் சொல்கிறார்கள். எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். அந்த வாசலிலேயே நின்று ஆப்பின் கஸ்டமர் கேரைக் கூப்பிடுங்கள், செக்-இன் மறுக்கிறார்கள் என்ற வார்த்தையையே சொல்லுங்கள். போன் பேச்சோடு சாட்டிலும் அதையே எழுதுங்கள். நீங்கள் வரவே இல்லை என்று கேம்ப் எழுதிவிடவும் வாய்ப்புண்டு என்பதால், பெயர்ப்பலகை தெரிய லொக்கேஷன் ஆன் செய்து ஒரு போட்டோ எடுத்து, அதையும் கேம்பின் எண்ணுக்கே அனுப்புங்கள். டென்ட்டை நேரில் பார்க்கும்வரை டிக்கியிலிருந்து ஒரு பெட்டியையும் இறக்க விடாதீர்கள். பெட்டி இறங்கிவிட்டால் பேச்சும் முடிந்துவிடும். சம் பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காத இடங்கள் உண்டு, கன்ஃபர்மேஷன் வவுச்சரைப் பி.டி.எஃப். ஆகப் போனில் இறக்கியும் ஒரு காகிதப் பிரதியாகவும் வைத்திருங்கள்.

கேம்புக்குப் போகும் முன்பே சாலையில் வேறொரு கூட்டம் காத்திருக்கும். பைக்கில் வந்து வெளிமாநில நம்பர் பிளேட் பார்த்துக் காரோடு காராக ஓட்டி வருவார்கள். உள்ளூரில் இவர்களுக்கு லப்கா என்று பெயர். உங்கள் கேம்ப் மூடிவிட்டது, அங்கே போலீஸ் சீல் வைத்துவிட்டார்கள், ராணுவப் பயிற்சியால் ரோடு அடைத்திருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தங்களுக்குக் கமிஷன் தரும் கேம்புக்குத் திருப்புவார்கள். கண்ணாடியை இறக்காமல் ஓட்டிக்கொண்டே இருங்கள், புக்கிங்கில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு மட்டும் வழி கேளுங்கள். ராஜஸ்தானின் 2010 சுற்றுலாத் தொழில் சட்டப்படி இப்படிச் சுற்றுலாப் பயணிகளை வளைத்துப் பிடிப்பது குற்றம். விடாமல் துரத்தினால் 112. டிரைவரோடு வண்டி எடுத்திருந்தால், அவர் திடீரென்று பரிந்துரைக்கும் கேம்புக்குப் பின்னாலும் கமிஷன் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்தக் குளிரில் ஒரு மனிதரைக் காருக்குள் தூங்க வைத்துவிட்டு மறுநாள் அவரை 300 கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது உங்கள் குடும்பத்துக்கே ஆபத்து.

அந்தக் கரிச்சட்டி. ஜனவரி இரவுகளில் ஜெய்சல்மேர் பக்கம் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழேயும் போவதுண்டு. கோடையில் இதே பாலைவனத்தின் பலோடியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. அதை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டர் இல்லாமல் வருகிறவர்கள் அதிகம். டென்ட்டின் ஹீட்டர் ஜெனரேட்டரில் ஓடுகிறது என்றால் நள்ளிரவில் அணைத்துவிடுவார்கள். அப்போது கேட்டால் கரிச்சட்டி வரும். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது, எழாமலே போய்விடலாம். டென்ட் துணியைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் போதும் என்பார்கள். போதாது. நெருப்பு அணைந்து கனலாக இருக்கும்போதும் அந்த வாயு வரும். உள்ளே கரி கூடவே கூடாது. கூடுதல் ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை), ரப்பர் பையில் வெந்நீர், இதைக் கேளுங்கள். ஜெனரேட்டர் ஓடும் இடத்துக்குப் பக்கத்து டென்ட்டையும் வாங்காதீர்கள், புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

புக் பண்ணும் கட்டத்தில் கேட்க வேண்டியவை சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். மணல்மேடு எத்தனை மீட்டரில்? தார் பாலைவனம் முழுக்க மணல்மேடு இல்லை, பெரும்பாலும் கல்லும் புதரும்தான். மணல்மேடு வியூ என்ற பெயரில் சாலையோரப் பொட்டலில் நிற்கும் கேம்புகள் உண்டு. மேப்பில் சேட்டலைட் படத்தைத் திறந்து பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹீட்டர் எத்தனை மணி வரை? வெந்நீர் கீசரா, பக்கெட்டா? ஒட்டகச் சவாரி எத்தனை நிமிடம், ஜீப் தனியா, வேறு ஆட்களோடு சேர்த்தா? பேக்கேஜில் அடக்கம் என்று சொல்லும் சவாரி பத்து நிமிடத்தில் முடியும், மேட்டு உச்சிக்குப் போக வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா என்று ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்த பிறகு சொல்வார்கள். சாப்பாட்டுத் திட்டத்தில் சி.பி. என்றால் காலை உணவு மட்டும், எம்.ஏ.பி. என்றால் காலையும் ஒரு வேளைச் சாப்பாடும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும், இ.பி. என்றால் எதுவும் கிடையாது. டிசம்பர் 24, 31 இரவுகளில் கட்டாய காலா டின்னர் (விசேஷ இரவு விருந்து) என்று தலைக்கு ஒரு தொகை தனியாகப் போடுவார்கள், அதைக் குறிப்பாகக் கேளுங்கள். பிள்ளைகளின் வயதைப் புக்கிங்கில் உண்மையாகப் போடுங்கள். 11 வயதுப் பையனைக் குழந்தை என்று விட்டுவிட்டால், வாசலில் இன்னொரு டென்ட் எடு என்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

லக்ஷரி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு அர்த்தமும் இல்லை. நட்சத்திரத் தகுதி தருவது மத்திய சுற்றுலா அமைச்சகம், அதுவும் ஹோட்டல் தானாக விண்ணப்பித்தால் மட்டும். ஐந்து நட்சத்திரம் என்று பலகையில் எழுதியிருந்தால் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மேப்பில் இருக்கும் போன் நம்பர்கூட வேறு ஆளுடையதாக மாற்றப்பட்டிருக்கலாம். அட்வான்ஸ் அனுப்பும்போது யு.பி.ஐ.யில் தெரியும் பெயர் தனிநபர் பெயராக இருந்தால் நிறுத்துங்கள். ஜி.எஸ்.டி. எண் கேளுங்கள்: 15 எழுத்து, ராஜஸ்தான் என்றால் 08 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் வியாபாரப் பெயர், முகவரி, எண் நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்த அடுத்த நிமிடமே சைபர் மோசடிக்கான 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.

பில்லைப் பற்றி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆகவே 9,000 ரூபாய் பிளஸ் டாக்ஸ் என்றால் கையிலிருந்து போவது 10,620. 6,500 ரூபாய் டென்ட்டுக்கு 18 சதவீதம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்ப்பது தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு விதி போட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினார்கள் என்று சண்டை போட்டுப் பயனில்லை, ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் அப்படி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஜெய்சல்மேரிலேயே இருபது லிட்டர் கேன் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். கார் சாவியை ஹோட்டல் ஆளிடம் கொடுத்து நிறுத்தச் சொன்னால் டோக்கன் வாங்குங்கள். அப்படி ஒப்படைத்த கார் ஹோட்டலின் அலட்சியத்தால் காணாமல் போனால், ஓனர்ஸ் ரிஸ்க் (வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு) என்று அச்சடித்த சீட்டைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஏமாந்துதான் போய்விட்டீர்கள் என்றால், ஊர் திரும்பியதும் கேம்புக்கும் ஆப்புக்கும் மின்னஞ்சலில் புகார் எழுதி, என்ன வேண்டும் என்பதையும் எத்தனை நாள் கெடு என்பதையும் குறிப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காக ஜெய்சல்மேருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வீடியோவில் விசாரணைக்கும் கேட்கலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வவுச்சர், வாசலில் எடுத்த போட்டோ, சாட், வாட்ஸ்அப், ரொக்கம் கொடுத்ததற்கு ஏதாவது ஒரு துண்டுச் சீட்டு, இவை இருந்தால் வழக்கு நிற்கும். ரொக்கத்துக்குப் பில் தர மறுத்தால் அந்த நேரத்திலேயே, இன்ன தேதி இத்தனை ரூபாய் கொடுத்தோம் என்று அவர்கள் எண்ணுக்கே ஒரு மெசேஜ் அனுப்பி வையுங்கள்.