சிக்கும் டிராயருக்கு எது சரி: மெழுகா, புது சேனலா, பின்பலகையா?

டிராயர் சிக்குகிறது என்று சொன்னால் பாதிப் பேர் மெழுகுவத்தியை எடுத்துத் தேய்க்கச் சொல்வார்கள், மீதிப் பேர் டிராயர் ஓடும் உலோகத் தடமான சேனலை மாற்றிவிடச் சொல்வார்கள். இரண்டுமே தப்பான யோசனை இல்லை. ஆனால் அட்டைப்பெட்டியில் பலகை பலகையாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் படுக்கையறை பர்னிச்சரில் இந்த இரண்டும் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குத்தான் வர வேண்டும். முழு மரத்தில் செய்த பழைய டிராயர் பெட்டியில் மரத்தின்மேல் மரம் ஓடும், அங்கே மெழுகு சரியான மருந்து. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு பெட்டியில் டிராயரின் பக்கப்பலகைக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே இரண்டு பக்கமும் 12 அல்லது 13 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் சேனலைப் பொருத்தியிருப்பார்கள். பலகையும் பலகையும் தொடவே கூடாது. தொட்டு உரசுகிறது என்றால் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது, அது எது என்று தெரியாமல் மெழுகு தேய்த்தால் ஒரு வாரம் ஓடும், அப்புறம் மறுபடி அதே முரண்டு.

அதனால் முதலில் டிராயரை முழுதாக வெளியே எடுங்கள். சின்ன வெள்ளைச் சக்கரம் வைத்த ரோலர் சேனல் என்றால் கடைசி வரை இழுத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் வந்துவிடும். பேரிங் குண்டுகள் ஓடும் டெலஸ்கோபிக் சேனல் என்றால் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், பெரும்பாலான சேனல்களில் ஒன்றை மேலே தள்ளும்போதே இன்னொன்றைக் கீழே அழுத்த வேண்டும், இரண்டையும் ஒரே திசையில் அழுத்திப் பார்த்து வரவில்லை என்று பலம் கொடுத்து இழுத்து உடைத்தவர்கள் நிறைய. இன்னொன்று முக்கியம்: எல்லா டிராயரையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துப் பார்க்காதீர்கள். எடை முழுக்க முன்பக்கம் வந்து பெட்டி அப்படியே சாய்ந்துவிடும். ஒன்றை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

வெளியே எடுத்ததும் தடயம் தேடுங்கள். உரசும் இடத்தில் மேல்தாள் தேய்ந்து பளபளப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும், அல்லது கீழ் டிராயரில் மடித்து வைத்த துணியின்மேல் மாவு போலப் பழுப்புத் தூள் கொட்டியிருக்கும். எதுவும் தெரியவில்லை என்றால் டிராயரின் விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து இரண்டு தடவை உள்ளே தள்ளி இழுத்துப் பாருங்கள், எங்கே அழிகிறதோ அங்கேதான் இடிக்கிறது. கோடு அடிப்பலகையின் நடுவில் என்றால் அடி தொங்கிவிட்டது. மூடிய டிராயரைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தால் பெட்டியே கோணிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் 'டக்' என்று இறங்கினால் சேனல் திருகு பிடி விட்டிருக்கிறது.

மெழுகும் ஸ்பிரேயும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உலோகச் சேனலே இல்லாமல், பக்கப்பலகையில் வெட்டிய காடி (நீளமான பள்ளம்) ஒரு மரச்சட்டத்திலோ பிளாஸ்டிக் சட்டத்திலோ ஓடும் வகை இருக்கிறது பாருங்கள், அதற்கு மெழுகு அருமை, வேறு எதுவும் தேவையில்லை. சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுக்கும், பார்ட்டிகிள் போர்டுக்கு ஈரம்தான் முதல் எதிரி. உலோகச் சேனலுக்கு உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரே நல்லது, எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லாததால் தூசி ஒட்டாது. சிலிக்கான் ஸ்பிரேயும் வேலை செய்யும். ஆனால் பெட்டிக்குள் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள், சிலிக்கான் படிந்த பலகையில் பின்னால் பெயின்ட்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் தூசியைச் சேர்த்துக் களியாக்கிவிடும். நைலான் சக்கரத்துக்கு எதுவுமே போடாதீர்கள், அது உருள வேண்டும், வழுக்கக் கூடாது. அதன் அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும் தலைமுடியை இடுக்கியால் எடுத்துவிட்டு, ஓடும் தடத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதிச் சிக்கல் போய்விடும்.

பெட்டியை நேராக்குவது

என் ஓட்டு இதற்குத்தான், யாரும் முதலில் செய்யாத வேலையும் இதுதான். இந்தப் பெட்டிகளில் பின்னால் ஒரு மெல்லிய பலகை இருக்கும், மூன்று மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு, சின்ன ஆணிகளால் அறைந்தது. சும்மா தூசி வராமல் மறைக்க வைத்தது போலத் தெரியும். உண்மையில் பெட்டியை நேராக நிற்க வைப்பதே அதுதான். துணி நிறைந்த பெட்டியை ஒரு மூலையைப் பிடித்துத் தரையில் இழுத்தால், வீடு மாற்றினால், மேடு பள்ளமான தரையில் வருடக்கணக்கில் நின்றால் அந்த ஆணிகள் இளகும். அப்போது பெட்டி செவ்வகமாக இல்லாமல் சாய்ந்த நாற்கரமாகிவிடும், டிராயர் மட்டும் செவ்வகமாகவே இருக்கும். பிறகு எப்படி ஓடும்?

கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கத்தில் டேப்பை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் பெட்டி நேராக இருக்கிறது. எங்கள் ஐந்து டிராயர் பெட்டியில் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. மூன்றாவது டிராயர் பாதியில் நின்றுவிடும், ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்துக்கொண்டிருந்தோம், சேனல் வாங்கக் கிளம்பும் நிலைமை. பார்த்தால் முன் இடது கால் தரைவிரிப்பின் விளிம்பில் ஏறி நிற்கிறது. விரிப்பை நகர்த்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைச் செருகியதும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, மூன்றாவது டிராயர் விரலால் தள்ளினால் ஓடியது. மடித்த அட்டையைச் செருகுவதை விட ஆப்பு மேல், அட்டை எடையில் நசுங்கி ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கே போய்விடும்.

ஆப்பு போதவில்லை என்றால் பின்பலகைக்குப் போக வேண்டும். பெட்டியைக் காலி செய்து, முகம் கீழே இருக்கும்படி போர்வையின்மேல் படுக்க வையுங்கள், எந்த மூலைவிட்டம் நீளமோ அதன் இரண்டு மூலைகளையும் உள்நோக்கி அழுத்தி, அளவு சமமானதும் அப்படியே பிடித்துக்கொண்டு பலகையை மறுபடி இறுக்க வேண்டும், இதற்கு இரண்டு ஆள் தேவை. ஆணியா திருகா? ஆணி வேகம், ஆனால் பழைய ஓட்டையிலேயே அறைந்தால் நிற்காது, ஒரு சென்டிமீட்டர் தள்ளி அறைய வேண்டும், அப்போதும் அடுத்த தடவை இழுத்தால் இளகும். நான் திருகு பக்கம். 3 மில்லிமீட்டர் தடிமன், 16 மில்லிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. பக்கப்பலகையின் விளிம்பு 15, 16 மில்லிமீட்டர்தான் அகலம் என்பதால் நடுவில் 2 மில்லிமீட்டர் துளை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும், இல்லையென்றால் பார்ட்டிகிள் போர்டு பிளந்துவிடும்.

அடிப்பலகை

எங்கள் பெட்டியில் கடைசி டிராயர் ஆப்புக்கும் அடங்கவில்லை. அதில்தான் போர்வைகள். எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பலகை வயிறு போலத் தொங்கி, பின்விளிம்பு காடியை விட்டு வெளியே வந்து நின்றது. இது மிகச் சாதாரணமான பழுது, இதற்குத்தான் வழிகளும் அதிகம்.

பலகையை உருவித் திருப்பிப் போடுவது செலவே இல்லாத வழி. தொங்கிய வளைவு இப்போது மேல்நோக்கி நிற்கும், துணி வைத்தால் சமமாகும், சில மாதத்தில் மறுபடி தொங்கும். தற்காலிகத்துக்குச் சரி. இரண்டாவது, கீழே குறுக்குச் சட்டம் ஒட்டுவது. முன்பலகையிலிருந்து பின்பலகை வரை ஒரு மரப்பட்டையை மரப்பசை போட்டு ஒட்டி, இரவு முழுக்க மேலே புத்தகக் கட்டை ஏற்றி வைக்க வேண்டும். அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் பெரும்பாலும் பூச்சில்லாத பழுப்பு முகம், பசை நன்றாகப் பிடிக்கும். ஒரே கவனம், அடிப்பலகைக்கும் டிராயரின் கீழ் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டுப் பட்டையை வாங்குங்கள், அதை விடத் தடித்தால் பட்டையே கீழே இடித்துப் புதுச் சிக்கலைக் கொண்டுவரும். மூன்றாவது, ஆறு மில்லிமீட்டர் பிளைவுட். ஒரே பொருளில் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும், அதனால் இந்த மாற்றம் கையில் நன்றாகவே தெரியும். ஆனால் மூன்று மில்லிமீட்டர் காடியில் அது நுழையாது, சுற்றிலும் விளிம்பைச் சீவ வேண்டும், அதற்குக் கருவி வேண்டும். நான் செய்தது வேறு: பழைய பலகையைக் காடிக்குள் நேராக ஏற்றிவிட்டு, அதன்மேல் உள் அளவுக்கு வெட்டிய பிளைவுட்டை அப்படியே படுக்க வைத்தேன். ஆறு மில்லிமீட்டர் ஆழம் போனது, வேறு நஷ்டம் இல்லை. குறுகிய டிராயர் என்றால் சட்டமே போதும், 80 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் என்றால் பிளைவுட்தான்.

எந்த வழியில் போனாலும் முதலில் டிராயரின் பின்மூலைகளைப் பாருங்கள். பலகைகளை மூலையில் சேர்த்துப் பிடிக்கும் வட்டப் பூட்டான கேம் லாக் தளர்ந்து பக்கப்பலகைகள் வெளியே விரிந்திருந்தால் எந்தப் பலகையும் காடியில் நிற்காது. மூலையைச் சேர்த்து அழுத்தி, கேமை நிற்கும் வரை திருகி விட்டுவிடுங்கள், அதற்கு மேல் முறுக்கினால் போர்டு பிய்ந்துவிடும்.

பிடி விட்ட திருகு

தீக்குச்சியும் பசையும், பெரிய திருகு, மர முளை (உருண்டையான சின்ன மரக்குச்சி). மூன்றில் பெரிய திருகைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள், நான் கடைசியில் வைப்பேன். சேனலின் துளை தட்டைத் தலைக்கு அளவெடுத்துச் செய்தது. தடித்த திருகின் தலை அதில் முழுதாக உட்காராமல் அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும், உள்ளே ஓடும் பட்டை ஒவ்வொரு தடவையும் அதில் இடித்து நிற்கும். சிக்கலைத் தீர்க்கப் போட்ட திருகே சிக்கலாகிவிடும். மேலே இருக்கும் லேசான டிராயர்களுக்கு, மருந்துத் தலையை நீக்கிய தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, ஒரு இரவு காயவிட்டு, பழைய திருகையே போடுங்கள். எடை தாங்கும் டிராயருக்கு 8 மில்லிமீட்டர் துளை போட்டு மர முளையைப் பசையோடு இறக்கி, மட்டமாக அறுத்து, அதில் புதிதாகத் திருகுவது நிலைக்கும். துளையிடும் பிட்டில் பத்து மில்லிமீட்டரில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெட்டியின் வெளிப்பக்கம் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

சேனலை மாற்றுவது

ரோலரை எடுத்துவிட்டு பேரிங் சேனல் போட்டால் டிராயர் முழு நீளமும் வெளியே வரும், ஓட்டமும் வெண்ணெய் மாதிரி இருக்கும். இரண்டுக்கும் பக்க இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதால் பெரும்பாலும் பொருந்தும், நீளம் 50 மில்லிமீட்டர் படிகளில் கிடைக்கிறது. ஆனால் ரோலர் சேனலில் ஒரு பக்கம்தான் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும், மறுபக்கம் தட்டையாகக் கொஞ்சம் அசைய இடம் கொடுக்கும். பெட்டி இரண்டு மில்லிமீட்டர் கோணியிருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். பேரிங் சேனல் இரண்டு பக்கமும் இறுக்கம், அதே கோணலில் ரோலரை விட மோசமாகச் சிக்கும். ஆகவே கோணலை நேராக்காமல் விலை உயர்ந்த சேனல் வாங்கிப் பூட்டுவது பணத்தை வீணாக்குவதுதான். திறப்பின் அகலத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் மாற்றுங்கள். மாற்றினால் பெட்டியைச் சுவரோடு பிணைப்பதையும் சேர்த்தே செய்யுங்கள், குழந்தை இருக்கும் வீட்டில் கட்டாயம். டிராயர் முழுதாக வெளியே வரும்போது எடையும் அதோடு வெளியே வருகிறது.

ஏற்கெனவே பேரிங் சேனல் இருந்து, டிராயர் கடைசி சில சென்டிமீட்டர் மூடவில்லை என்றால் உடனே மாற்றாதீர்கள். குண்டுகளைப் பிடித்து வைக்கும் கூடு இடம் நகர்ந்திருக்கலாம். டிராயரைக் கடைசி வரை இழுத்து, ஒரே வேகத்தில் அழுத்தமாக உள்ளே தள்ளினால் பல நேரம் கூடு தன் இடத்துக்குப் போய்விடும்.

உப்புத்தாள் தேய்ப்பதும் இழைப்பதும் எனக்குப் பிடிக்காத வழி. முழு மரம் மழைக்காலத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், பார்ட்டிகிள் போர்டு ஒரு தடவை நனைந்து உப்பினால் பழைய தடிமனுக்குத் திரும்பாது. தேய்த்தால் மேல்தாள் போய் உள்ளே இருக்கும் தூள் வெளியே தெரியும், அடுத்த ஈரத்தை இன்னும் வேகமாகக் குடிக்கும். முன்பலகை மட்டும் பக்கத்துப் பலகையில் இடித்தால் அதைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். பக்கப்பலகையே உப்பியிருந்தால் அதே தடிமனில் பிளைவுட் வெட்டி, பழைய பலகையை மேலே வைத்துத் துளைகளைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றிவிடுங்கள்.