ஆயில் சூடு குறைந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப் சொன்னால் உடனே நம்பாதீர்கள்: ட்ரெய்லர் இழுக்கும் டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

டீசல் டிரக்கில் கனமான ட்ரெய்லர் இழுப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ஏற்றத்தில் இன்ஜின் ஆயில் அளவு மீறிச் சூடாகிறது என்று வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஆயில் கூலர் புதிதாக மாற்றியதாக பில் போட்டுப் பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். ஆயில் கூலரைத் தொடவே இல்லை. சூடு அப்படியேதான் இருந்தது, டேஷ்போர்டில் தெரியும் எண் மட்டும் குறைந்திருந்தது. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடந்துகொண்டிருப்பதால் ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதைச் செய்வதற்கு ஒரு துண்டு டேப்பும் ஒரு சின்ன மின்தடையும் போதும். போவது இன்ஜின்.

முதலில் வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் லோடோடு போகும்போது ஆயில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நீளமான ஏற்றம் வந்தால் ஏறத் தொடங்கும். 110, 115 வரை போய் நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, பாரம் இழுக்கும் டீசலில் அது இயல்பு. என் வண்டியில் 125-ஐத் தாண்டியும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்க ஓடும் திரவம்) சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தால் நடுவிலேயே அசையாமல் நிற்கும். பலர் ஏமாறுவது இந்த முள்ளில்தான். நிறைய வண்டிகளில் கூலன்ட் முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டாது. கூலன்ட் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் எங்கே இருந்தாலும் முள் நடுவில் நிற்கும்படிதான் வைத்திருப்பார்கள். ஓட்டுபவர் சும்மா பயப்படக்கூடாது என்பதற்காக.

ஆயில் கதை வேறு. பிஸ்டனின் அடிப்பாகத்தில் பீய்ச்சியடித்து அங்கிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு வருவது ஆயில். டர்போவின் பேரிங்கைக் குளிர்விப்பதும் அதுதான். லோடு கூடக்கூட இந்த இரண்டு இடத்திலும் சூடு ஏறும். அந்தச் சூட்டையெல்லாம் ஆயில் கொண்டுபோய் ஆயில் கூலரில் கூலன்ட்டிடம் கொடுக்க வேண்டும். கூலருக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியிலும், கூலன்ட்டைக் காலத்தில் மாற்றாத வண்டியிலும் அந்தக் குறுகலான வழிகளில் உப்பும் கசடும் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் ஆயிலுக்கும் கூலன்ட்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் விரியும். கூலர் நன்றாக இருந்தபோது என் வண்டியில் சீரான ஓட்டத்தில் அந்த வித்தியாசம் பத்து டிகிரிக்குள்தான் இருந்தது. பிறகு முப்பதை நெருங்கியது. கூலன்ட் சரியாக இருந்து ஆயில் மட்டும் எகிறினால் முதல் சந்தேகம் ஆயில் கூலர் மேல்தான் விழ வேண்டும். இதையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் வாயால் மட்டும் சொல்லவில்லை, எழுதியே கொடுத்தேன்.

வண்டியை எடுக்கப் போனபோது பில்லில் ஆயில் கூலர், கேஸ்கெட், கூலன்ட், ஆயில், ஃபில்டர், லேபர் என்று வரிவரியாக இருந்தது. பழைய கூலரைக் காட்டுங்கள் என்றேன். "அது அப்பவே ஸ்கிராப்புல போயிடுச்சு சார்" என்றார் ஃபோர்மேன். பழைய பாகத்தை எடுத்து வையுங்கள் என்று வண்டியை விடும்போதே சொல்லியிருந்தேன்.

ட்ரெய்லரை மாட்டி அதே ஏற்றத்தில் போனேன். 95. எவ்வளவு மிதித்தாலும் 97, 98. பார்க்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் எண் அசைந்த விதம் சரியில்லை. லோடில் ஆயில் சூடு மெதுவாக ஏறும், உச்சியைக் கடந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று மெதுவாகத்தான் இறங்கும். இதிலோ சமதளத்துக்கும் செங்குத்தான ஏற்றத்துக்கும் பத்து டிகிரிகூட வித்தியாசம் இல்லை. அதைவிடப் பெரிய அடையாளம் ஆயில் பிரஷர். ஏற்றம் முடிந்து வண்டியை ஓரம்கட்டி ஐடிலில் விட்டால் பிரஷர் முன்னைக் காட்டிலும் கீழே வந்து நின்றது. ஆயில் சூடாகச் சூடாக நீர்த்துப்போகும், நீர்த்தால் பிரஷர் விழும். 95 டிகிரி ஆயில் அவ்வளவு நீர்க்காது. ஒரு கேஜ் சொல்வதை இன்னொரு கேஜ் மறுக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய்.

இதைச் சொல்லி ஃபோன் செய்தபோது கிடைத்த பதில் என்ன தெரியுமா? "20டபிள்யூ-50 ஊத்திடலாம் சார், பிரஷர் கம்முனு நிக்கும்." இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் கேஜ் மேலே நிற்கும், உண்மைதான். ஆனால் பேரிங் இடுக்குகளில் ஆயில் ஓடும் அளவு குறையும். உராய்ந்து உராய்ந்து தானாகவே இன்னும் சூடாகும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மேலே போய்ச் சேரவும் நேரம் எடுக்கும். மேனுவலில் 15டபிள்யூ-40 என்று போட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதில் கடைசி எண்தான் சூடான ஆயிலின் கிரேடு. 100 டிகிரியில் 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 50 கிரேடு 16.3-க்கு மேலே. பேரிங் இடைவெளியும் பம்பும் அந்தக் கணக்குக்கு ஏற்றபடிதான் அமைக்கப்படுகின்றன. சூட்டுக்கு மருந்து ஆயிலைக் கெட்டியாக்குவது இல்லை, சூட்டை வெளியே எடுப்பதுதான்.

அடுத்த முறை லேசர் தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டுபோனேன். ஏற்றத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பில் கறுப்பு பெயின்ட் இருந்த இடத்தில் பிடித்தேன். பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். அலுமினிய சம்ப்பாக இருந்தால் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள். டேஷ்போர்டில் 96. சம்ப்பின் வெளிப்புறத்தில் 117. காற்று படும் வெளித்தோலே இவ்வளவு என்றால் உள்ளே ஓடும் ஆயில் அதற்கும் மேலே.

வண்டி ஆறிய பிறகு ஆயில் டெம்பரேச்சர் சென்சாரிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஃபில்டர் ஹவுசிங்குக்குப் பக்கத்தில் கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் டேப் சுற்றியிருந்தது. மற்ற டேப்பெல்லாம் எண்ணெய்யும் தூசியும் படிந்து காய்ந்துபோயிருக்க, இது மட்டும் புதுசு. பசை விரலில் ஒட்டியது. பிரித்தால் வயரை வெட்டி நடுவில் ஒரு மின்தடையைப் பற்றவைத்திருக்கிறார்கள். பழுப்பு, கறுப்பு, பழுப்பு கோடுகள். 100 ஓம்.

இதன் சூட்சுமம் இதுதான். இந்த வகை சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். பரவலாக இருக்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 100 டிகிரியில் 190-ஐ ஒட்டி, 120 டிகிரியில் 110-ஐ ஒட்டி. வரிசையில் ஒரு 100 ஓம் சேர்த்தால் 120 டிகிரி ஆயில் 210 ஓமாகத் தெரியும். வண்டியின் கம்ப்யூட்டர் அதை 95 டிகிரி என்று படிக்கும். காலையில் ஆறிக் கிடக்கும்போது 2,500-ல் 100 கூடினால் ஒரு டிகிரிதான் மாறும், யாருக்கும் சந்தேகம் வராது. பொதுவாக சென்சார் கோளாறைக் கண்டுபிடிக்க, இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று மூன்றும் ஒரே சூட்டைக் காட்டுகிறதா என்று பார்ப்போம். நல்ல சோதனைதான். ஆனால் இந்த ஏமாற்று வேலை அதில் மாட்டாது. சூடாக இருக்கும்போது மட்டும் பொய் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்ததே இந்த இடத்தில்தான். தெரியாமல் செய்த தவறில்லை இது, நன்றாகத் தெரிந்த ஒருவன் யோசித்துச் செய்தது.

பல இன்ஜின்களில் ஆயில் சூடு எல்லை மீறினால் எச்சரிக்கை வரும், இன்ஜின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் காவலையும் சேர்த்தே ஏமாற்றியிருக்கிறார்கள். பின்னால் டன் கணக்கில் பாரத்தோடு ஏற்றத்தில் போகும் ஒருவனுக்கு இதைச் செய்வது எவ்வளவு பெரிய துரோகம்!

ஆயில் கூலர் பக்கம் பார்த்தால் போல்ட் தலைகளில் கம்பெனி போட்ட அடையாளப் பெயின்ட் கோடு உடையாமல் இருந்தது. விளிம்பைச் சுற்றிப் பழைய கசடு ஒரே சீராகப் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்த பிறகுதான் வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன். மின்தடையை எடுத்துவிடாமல், டேப்பைப் பிரித்த நிலையிலேயே படம் எடுத்தது புகாருக்கு மிகவும் உதவியது.

ஒர்க்‌ஷாப் உரிமையாளரிடம் படத்தைக் காட்டியபோது, "வார்னிங் வந்து நீங்க பயப்படக் கூடாதுன்னுதான் பையன் செஞ்சிருப்பான்" என்றார். லேபர் பணத்தை மட்டும் திருப்பித் தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆயிலை லேபுக்கு அனுப்பிப் பார்த்ததில் ஈயமும் செம்பும் ஏறியிருந்தன. செம்பு மட்டும் என்றால் கூலரிலிருந்தும் வரலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் பேரிங்கைத்தான் பார்க்க வேண்டும். சோடியம், பொட்டாசியம் கூடியிருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம், நல்லவேளையாக அது இல்லை. கழற்றிப் பார்த்ததில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேய்ந்திருந்தன, மாற்ற வேண்டியதாயிற்று. ஆயில் கெடும் வேகம் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். 96 என்று நம்பிக்கொண்டு 125-க்கு மேல் ஓட்டினால் ஆயில் மாற்றும் கெடுவெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும். புதுக் கூலர் உண்மையாகவே போட்ட பிறகு அதே ஏற்றத்தில் ஆயில் 112 வரை போய் நிற்கிறது. 95 இல்லை. உழைக்கும் இன்ஜினில் சூடு ஏறத்தான் செய்யும், ஏறாமல் இருப்பதுதான் சந்தேகத்துக்கு உரியது.

உங்கள் வண்டியை இந்த வேலைக்கு விடுகிறீர்கள் என்றால், விடுவதற்கு முன்பே ஓபிடி கருவியை (வண்டியின் கம்ப்யூட்டர் படிக்கும் எண்களைக் காட்டுவது) மாட்டி ஒரு ஏற்றத்தில் கூலன்ட், ஆயில் இரண்டையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே ஏற்றம், அதே லோடு, அதே கியர். சில வண்டிகளில் ஆயில் சூடு என்று வருவது சென்சார் அளந்தது இல்லை, கம்ப்யூட்டர் தானே கணக்குப் போட்டுச் சொல்வது. உங்கள் வண்டி எந்த வகை என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒப்பிடுவதில் பயனில்லை. பழைய பாகம் வேண்டும் என்பதை ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். ரேடியேட்டர் கழுவினோம் என்று சொன்னால், முன்னால் தெரியும் ஏசி கண்டன்சரை மட்டும் கழுவினார்களா, இன்டர்கூலருக்கும் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்த குப்பையை எடுத்தார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கூலர் சரியாகும் வரை வண்டியை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஏற்றத்தில் பெரிய கியரில் திணறவிடாதீர்கள். கியரைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து, ஆர்பிஎம் கொஞ்சம் மேலே இருக்கும்படி ஓட்டினால் வாட்டர் பம்பும் ஆயில் பம்பும் ஃபேனும் கூடுதலாகச் சுற்றும். உச்சியில் நிறுத்தினால் உடனே ஆஃப் செய்யாமல் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போவுக்கு அது முக்கியம். 130-ஐத் தொட்டால் ஓரம்கட்டுங்கள், அதற்குமேல் யோசிக்காதீர்கள்.

ட்ரெய்லர் இழுத்த பழைய டிரக் வாங்குபவர்களும் இதைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆயில் சென்சார் கனெக்டரையும் கம்ப்யூட்டர் கனெக்டரையும் பிரித்து, அந்த இரண்டு வயரையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். நல்ல வயர் ஒரு ஓம்கூடக் காட்டாது. பத்து, ஐம்பது, நூறு என்று ஏதாவது வந்தால் நடுவில் எங்கோ டேப்புக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.