டியூபா, பெஞ்சா, கர்லாக்கட்டையா? குளம் கிடைக்காத டிரையத்லான்காரர்களுக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் நீச்சல் குளம் என் கையை விட்டுப் போய்விடும். கோடை முகாம் தொடங்கிவிடுவார்கள். காலை பேட்ச் முழுக்கப் பிள்ளைகள். நடுவில் புகுந்து நீளவாக்கில் நீந்தினால் யார் தலையிலாவது முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பிள்ளைகள் நீச்சல் பழகுவதைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் ஜூனில் டிரையத்லான் போட்டி, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து. அதில் நான் 1.5 கிலோமீட்டர் நீந்தியாக வேண்டுமே! எங்கள் மதுரையில் சைக்கிளுக்கு அழகர்கோயில் ரோடு இருக்கிறது. ஓட்டத்துக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றலாம். அத்தனை தண்ணீரையும் பார்த்துக்கொண்டே ஓடலாம், இறங்கி நீந்தத்தான் முடியாது.

வாரத்தில் ஒருநாள் தண்ணீர், மிச்ச நாளெல்லாம் தரை. மூன்று கோடையாக இப்படித்தான் ஓடுகிறது. இதில் எது கைகொடுத்தது, எது காசைத் தின்றது என்று பார்க்கலாம்.

அதற்குமுன் ஒன்று. ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீட்டர் நீந்தி ஏறியபிறகு 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் காத்திருக்கிறது. கால்களை அதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும். ஆகவே தண்ணீரில் உதைப்பதைக் குறைத்து, கையால் இழுத்தே முன்னே போகிறோம். இழுப்பு என்றதும் எல்லோரும் புஜபலத்தை நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பலத்தைவிட முழங்கைதான் முக்கியம். கை தண்ணீருக்குள் நீண்டதும் முழங்கை மேலேயே நிற்க, முன்கை மட்டும் செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாகும். முழங்கை முதலில் சரிந்தால், எவ்வளவு பலம் இருந்தாலும் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்த வடிவத்தை எது பழக்குகிறதோ அதற்குத்தான் என் ஓட்டு.

முதலில் ரப்பர். கைப்பிடி வைத்த ரப்பர் கயிறு, ஸ்ட்ரெச் கார்டு என்பார்கள், கடையில் கிடைக்கிறது. நான் ஆரம்பித்தது பஞ்சர் கடையில். "அண்ணே, பழைய சைக்கிள் டியூப் இருந்தா நாலு முழம் குடுங்க" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சும்மாவே கொடுத்தார். ஜன்னல் கம்பியில் நடுவை மாட்டி, இடுப்பை மடக்கி முகம் தரையைப் பார்க்கக் குனிந்து, இரு கையையும் முன்னே நீட்டி இழுக்க வேண்டும். ஒரு நிமிடம் இழுப்பு, அரை நிமிடம் ஓய்வு, பத்துத் தடவை. பதினைந்தே நிமிடம். பக்கவாட்டில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டால் முழங்கை சரிவது அப்படியே தெரியும். தண்ணீருக்குள் இதை நாமே பார்க்க வழியில்லை.

குறையும் உண்டு. ரப்பர் நீள நீளத்தான் கனக்கும். ஆகவே இழுப்பின் தொடக்கத்தில் லேசாகவும் முடிவில் இறுக்கமாகவும் இருக்கும். நமக்கோ தொடக்கத்தில்தான் வேலை. இதற்கு ஒரு வழி, இரண்டடி பின்னால் தள்ளி நின்று, கை நீட்டிய நிலையிலேயே டியூப் விறைப்பாக இருக்கும்படி செய்வது. இன்னொன்று, திரும்பிப் போகும்போது ரப்பர் கையைப் பிடித்து இழுக்கும். விட்டுக்கொடுத்தால் தோள் மூட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும். முதல் வருடம் வெடிப்பு விழுந்த டியூப் ஒன்று பாதியில் அறுந்து தாடையில் விளாசியது. மூன்று நாள் ஆபீஸில் விளக்கம் சொன்னேன்.

அடுத்தது நீச்சல் பெஞ்ச். வாசா என்ற பிராண்ட் மாதிரி இயந்திரங்கள். குப்புறப் படுத்துக்கொண்டு துடுப்பை இழுப்பது. கோவையில் நண்பர் வீட்டில் ஒரு வாரம் தங்கியபோது தினமும் படுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், காற்றாடி வைத்த வகை ரப்பரைவிட ஒருபடி மேல். வேகமாக இழுத்தால் கனக்கும், மெதுவாக இழுத்தால் இளகும். தண்ணீரின் குணமும் அதுதான். எத்தனை வாட் சக்தியில் இழுக்கிறோம் என்று எண்ணும் காட்டும். ஆனால் பலகை நம்மைத் தாங்கிவிடுகிறது. தண்ணீரில் இடுப்பு முங்காமல் பார்த்துக்கொள்வது, உடலைப் பக்கவாட்டில் உருட்டுவது, தலையைத் திருப்பி மூச்சு வாங்குவது எதற்கும் அங்கே வேலையில்லை. இறக்குமதி வரியோடு லட்சத்தைத் தாண்டும் விலைக்கு இது போதாது. அந்தக் காசுக்கு நல்ல சைக்கிள் சக்கரம் வாங்கலாம். கிளப்பில் பத்துப் பேர் பணம் போட்டு வாங்கினால் வேறு கதை.

ஜிம்மில் புல்-அப், லாட் புல்-டவுன் எல்லாம் முதுகுக்கு நல்லது. போட்டி இல்லாத மாதங்களில் வாரம் இரண்டு நாள் போதும். போட்டி நெருங்கும்போதும் தொடர்ந்ததில் வலியோடு சைக்கிள் ஏறியதுதான் மிச்சம்.

கர்லாக்கட்டையை முதலில் நான் மதிக்கவே இல்லை. சிலம்பம் சொல்லித்தரும் ஆசான் ஒருவர் என் தோளைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. மொதல்ல எண்ணெய் விடு" என்றார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர், மிச்ச நேரம் சைக்கிள் ஹேண்டில் என்று குனிந்தே கிடந்தால் தோள் எப்படித் திறக்கும்? கை தலைக்கு மேல் நேராக நீளாதவனுக்கு முழங்கை எங்கே உயரும்? லேசான கட்டையைத் தலைக்குப் பின்னால் சுழற்றி இரண்டு மாதம் ஆனபிறகுதான் டியூப் பயிற்சியே ஒழுங்காக வந்தது. கர்லாக்கட்டை டியூபுக்குப் போட்டியில்லை, அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை. கணுக்காலுக்கு வஜ்ராசனமும் இதே கணக்கு. ஓட்டக்காரர்களின் கணுக்கால் விறைத்திருக்கும், பாதம் நீளாமல் நங்கூரம் மாதிரி தண்ணீரை இழுக்கும்.

கடைசியாகக் கிணறு. சோழவந்தான் பக்கம் மாமா தோட்டத்தில் முப்பதடி அகலக் கிணறு. கரைக்குக் கரை நீந்தினால் 1.5 கிலோமீட்டருக்கு 160 முறைக்கு மேல் திரும்ப வேண்டும். ஆகவே இடுப்பில் பெல்ட் கட்டி, லாரி டியூபின் நீண்ட துண்டால் கல்படியில் பிணைத்து, நின்ற இடத்திலேயே நீந்துகிறேன். கயிறு என்றால் வெடுக்கென்று இழுக்கும், டியூப் இளகிக் கொடுக்கும். முன்னே நகராததால் இடுப்பு கொஞ்சம் முங்கும், வேகமும் தெரியாது. ஆனால் மூச்சுக் கணக்கு, தரையில் எதனாலும் வராதது, இங்கே வந்துவிடுகிறது. தனியாக ஒருபோதும் இறங்கமாட்டேன். கிணற்று மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாமா கரையில் உட்கார்ந்தபிறகுதான். கிணற்றுத் தண்ணீரில் மின்சாரம் இறங்கினால் தப்பிக்க நேரமே கிடைக்காது.

இப்போது என் வாரம்: தினமும் ஐந்து நிமிடம் கர்லாக்கட்டை, நான்கு நாள் டியூப், ஞாயிறு கிணறு. வீட்டில் ஜன்னலே வலுவில்லை என்பவர்கள் மாடிப்படிக் கம்பியைப் பாருங்கள். டியூபை மட்டும் மாதாமாதம் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுகிறேன். போன வாரம் அரைமணி நேரம் நான் நின்ற இடத்திலேயே நீந்தியதைப் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "ஏன் மாப்ள, அவுத்து விட்டா எங்கதான் போவ?"